முடிச்சு உறுத்துகிறது

எலும்பு டாக்டராக அண்ணனுக்கு நல்ல பெயர். அதே ஆஸ்பத்திரியில் அதே வேலைக்குத் தம்பியும் வந்து சேர்ந்ததிலிருந்துதான் அவருக்கு நிம்மதி போயிற்று.

கணுக்கால் முறிந்து, கீழ்க்காலின் இரண்டு எலும்புகளையும் சேர்த்துப் பிடிக்கும் ஜவ்வும் கிழிந்துவிட்டால், அண்ணன் குறுக்கே ஸ்க்ரூ போட்டு முடுக்குவார். தம்பி வலுவான கயிற்றைக் கோத்து, இரு முனையிலும் சின்ன உலோகப் பட்டன் வைத்து, முடிச்சுப் போட்டு இறுக்குவான்.

"ஸ்க்ரூன்னா அசையாதுடா."

"கொஞ்சம் அசையணும்ணா. நடக்கிற கால் இல்லையா?"

பயிற்சி டாக்டர்கள் தம்பி பக்கமே போய் மொய்த்தார்கள். அண்ணன் சிரித்து வைத்தார், உள்ளுக்குள் புகைந்தது.

அந்த நேரம் பார்த்து, ஈரப் படியில் வழுக்கி விழுந்தாள் அவர் மனைவி. எலும்பும் போச்சு, ஜவ்வும் போச்சு. கட்டினவள் காலில் கத்தி வைக்க அவருக்குக் கை வரவில்லை. வெளியிலிருந்து ஒரு சீனியரைக் கூப்பிடப் பார்த்தார்.

"வேற ஆள் எதுக்கு? உங்க தம்பியே பண்ணட்டும். அந்தக் கயிறையே போடட்டும்," என்றாள் அவள், பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஏன், ஸ்க்ரூவுக்கு என்ன குறைச்சல்? கயிறுன்னா முடிச்சு உறுத்தும்."

"சில சமயம் உடையுது, திரும்பத் திறந்து எடுக்க வேண்டியிருக்குன்னு சாப்பிடும்போதெல்லாம் புலம்புறது யாரு? நானா?"

அவர் தம்பிக்கு போன் போட்டார்.

ஆபரேஷன் முடிந்ததும் ஸ்கேன் படத்தைப் பெரிதாக்கி, ஒரு மயிரிழை பிசகாவது கிடைக்காதா என்று துழாவினார். எலும்புகள் கச்சிதமாக உட்கார்ந்திருந்தன. யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் கம்ப்யூட்டரை அணைத்தார்.

அவள் நடக்கத் தொடங்கினாள். பார்க்க வந்தவர்களெல்லாம் தம்பியைக் கைராசிக்காரன் என்றார்கள். அதைக் கேட்கக் கேட்க அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு நாள் ஷூ மாட்டும்போது அவள் முகம் சுளித்தாள்.

"ஏங்க, இந்த இடத்துல உறுத்துது."

தரையில் உட்கார்ந்து தடவிப் பார்த்தார். தோலுக்கடியில் சின்னதாகத் தட்டுப்பட்டது.

"முடிச்சு! கயிறு போட்டா முடிச்சு உறுத்தும்னு நான் அன்னிக்கே சொன்னேனா இல்லையா?"

முகமெல்லாம் பல்லாக அண்ணாந்தார். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"எனக்கு வலிக்குதுன்னா உங்களுக்கு இவ்வளவு சந்தோஷமா?"

அவருக்கு முகம் செத்துப்போயிற்று. அவள் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலோடு உள்ளே போனாள்.

மறுநாள் தம்பியின் அறைக்குப் போனார். கதவருகிலேயே நின்றார்.

"அண்ணிக்கு முடிச்சு உறுத்துதுடா. உன் தப்பில்ல, தோல் மெலிசு. பார்த்துடு." தயங்கி, "எலும்ப நல்லாத்தான் சேர்த்திருக்கே. ஸ்கேனை அப்பவே பார்த்தேன்."

"அப்பவேவா? நீங்க ஒண்ணுமே சொல்லலைன்னதும், என்னமோ தப்பு பண்ணிட்டேன்னு நான் செத்துட்டிருந்தேன்ணா!"

ஜவ்வு நன்றாக ஆறியதும் தம்பி அந்த முடிச்சை எடுத்தான். அவள் கையைப் பிடித்தபடி அண்ணன் பக்கத்தில் நின்றார்.

பொறாமை போய்விட்டது என்றால் அது பொய். தம்பியை யாராவது புகழ்ந்தால் இப்போதும் அவர் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுகிறார். மனைவி அதைப் பார்த்துச் சிரிக்கிறாள்.