முப்பத்தோராவது கப்பல்

நாற்பதுக்கு முப்பத்தொன்பது. திரையில் அந்த எண் வந்ததும் குடுக்கை நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினான். எதிலும் அவசரப்படுகிறவன் என்பதால் அலுவலகத்தில் அவனுக்கு அந்தப் பெயர். தலைவர் மட்டும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் ஏதோ போதவில்லை என்று அர்த்தம்.

"அந்த ஒண்ணு எங்க போச்சு?"

"முப்பத்தோராவது கப்பல், தலைவரே. வைத்தியர் நிறுத்துன்னு சொல்லியிருக்கார். நம்ம ஆளு இறக்குன்னு அடம் பிடிக்குது."

தலைவர் மூன்றாவது மேசையைப் பார்த்தார். அங்கே உட்கார்ந்திருந்தவள் தலையை மட்டும் ஆட்டினாள். கூட்டங்களில் மைக்கைத் திறந்ததே இல்லை என்பதால் அவள் பெயர் மியூட். இயற்பியல் படித்தவள். வைத்தியரின் குறிப்புகளைக் கணினிக்கு ஏற்றபடி எழுதி அடுக்கியது அவள்தான்.

வைத்தியர் நூற்றைம்பது வருடங்களுக்கு முன் ஒரு துறைமுகத்தில் வேலை பார்த்தவர். வருகிற கப்பலில் தொற்றுநோய் இருக்குமா, ஆட்களைக் கரையில் இறக்கலாமா என்று முடிவு செய்வது அவர் வேலை. கப்பலுக்கு ஒரு பக்கம். பக்கத்துக்கு மூன்று பத்தி: என்ன தெரியும், என்ன தெரியாது, நான் தவறினால் யாருக்கு நோகும். கடைசியில் முடிவு, ஒரே வரி. எதுவும் நிச்சயமாகத் தெரியாதபோது மனிதன் எப்படி யோசிக்க வேண்டும் என்பதற்கு அந்தப் பக்கங்களைப் பாடமாக வைக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவரைப் போலவே யோசித்துப் பதில் சொல்லும் ஒரு சாட்பாட் வேண்டும் என்று அருங்காட்சியகம் கேட்டிருந்தது. மொத்தம் முந்நூறு கப்பல். இருநூற்று அறுபதை வைத்துக் கற்றுக்கொடுத்தார்கள். நாற்பதை மறைத்து வைத்துப் பரீட்சை நடத்தினார்கள்.

எட்டு மாதமாக அவள் அந்தப் பக்கங்களோடு குடித்தனம் நடத்தினாள் என்றே சொல்லலாம். ஒரு பக்கத்தில், 'கப்பலில் எல்லோரும் நலம்' என்று கேப்டன் சத்தியம் செய்திருக்கிறார். வைத்தியர் முதல் பத்தியில் 'எல்லோரும் நலம்' என்று எழுதவில்லை. 'நலம் என்று கேப்டன் சொன்னார்' என்று எழுதினார். அதைத் தட்டச்சு செய்தபோது அவளுக்கு யாரோ தோளைத் தட்டிக் கூப்பிட்டது போலிருந்தது. அன்று முழுக்க யார் எதைச் சொன்னாலும், அது தெரிந்ததா, சொல்லப்பட்டதா என்று உள்ளே பிரித்துக்கொண்டே இருந்தாள்.

"வியாழக்கிழமை நாலு மணிக்கு அந்தம்மா வர்றாங்க. ஞாபகம் இருக்குல்ல?" என்றார் தலைவர்.

யாருக்கும் மறக்கவில்லை. வைத்தியரின் வழிவந்தவர்களில் மிஞ்சியிருப்பது ஒரு பல் டாக்டர். நோட்டுகள் அவருக்குச் சொந்தம். முதல் நாளே சொல்லிவிட்டார்: "அவர் சொல்லாத ஒண்ண உங்க மெஷின் சொல்லுச்சுன்னா, கையெழுத்துப் போட மாட்டேன். பெட்டியோட நோட்டைத் தூக்கிட்டுப் போயிடுவேன்." சொத்தைப் பல்லைப் பிடுங்குகிறவரின் நிதானத்தோடு சொன்னார்.

"ஒரு கப்பல்தானே, அரை மணி நேரம் குடுங்க" என்றான் குடுக்கை.

அரை மணி நேரத்தில் நாற்பதுக்கு நாற்பது வந்தது. முப்பத்தோராவது கப்பலை விடையோடு சேர்த்து சாட்பாட்டுக்கு ஊட்டிவிட்டிருந்தான். அதே மாதிரி இன்னும் இருபது கப்பல்களைத் தானே கற்பனை செய்து, எல்லாவற்றுக்கும் 'நிறுத்து' என்று எழுதி அதையும் ஊட்டியிருந்தான். தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

அவர்கள் டீ குடிக்கக் கீழே போனதும் அவள் ஒரு கப்பலைப் புதிதாகக் கற்பனை செய்து சாட்பாட்டிடம் கேட்டாள். முப்பது பேர், ஒருவனுக்குக் காய்ச்சல். நேற்றுவரை அது உடனே திருப்பிக் கேட்கும்: தண்ணீர் எத்தனை நாளுக்கு இருக்கிறது, கைக்குழந்தைகள் உண்டா, தனியாகப் படுக்க இடம் உண்டா. இன்று ஒன்றும் கேட்கவில்லை.

'நிறுத்து. பத்து நாள்.'

கீழே அச்சகத்தில் இயந்திரம் ஓட, மேசை லேசாக அதிர்ந்தது. அவள் இன்னொரு கப்பலைக் கேட்டாள். நிறுத்து. இன்னொன்று. நிறுத்து. எட்டு மாதமாகப் பழகிய மனிதர் ஒரே மதியத்தில் பயந்தாங்கொள்ளியாகிவிட்டார்.

மறுநாள் காலை அக்கா வீடு திரும்பியபோது அவள் போனில் முப்பத்தோராவது கப்பலின் பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். காலுறையைக் கழற்றாமலே சோபாவில் சாய்ந்தவள் எட்டிப் பார்த்தாள்.

"யாருடீ இது, உன் ஆளா?"

"ம்."

"கையெழுத்து நல்லாத்தானே இருக்கும்னு சொன்னே? இது காக்கா கிளறின மாதிரி இருக்கு."

"இந்த ஒரு பக்கம்தான் இப்படி. மூணு பத்தியும் இல்ல. மேல ஆள் கணக்கு, தண்ணி கணக்கு, கீழ முடிவு, அவ்வளவுதான் எழுதியிருக்கார்."

அக்கா போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். கொட்டாவியைப் பாதியில் நிறுத்தினாள்.

"இவர் தூங்கல."

"எப்படிச் சொல்றே?"

"வரி கீழ இறங்குது பாரு. தேதியை ரெண்டு தடவை எழுதியிருக்கார். ஒரே ராத்திரி முழிச்சா இப்படி வராது. மூணு நாள் இருக்கும். எங்க வார்டுல தினமும் பாக்குறேன், என் சார்ட்டே இப்படித்தான் இருக்கும். இப்படி எழுதுறவங்ககிட்ட மருந்து அளவு கேட்டா, இன்னொருத்தரையும் ஒரு தடவை பாக்கச் சொல்லுவோம்." போனைத் திருப்பிக் கொடுத்தாள். "வீட்ல யாருக்காச்சும் முடியலையான்னு பாரு. இப்ப என்னைத் தூங்க விடு, தாயே."

வைத்தியரின் வீட்டைப் பற்றி நோட்டில் ஒன்றும் கிடையாது. ஆனால் பெட்டியில் கடிதப் புத்தகம் ஒன்றும் இருந்தது. அதன் படங்களைக் கப்பல் எண் இல்லையென்று அவளே 'வேண்டாதவை' என்ற கோப்புக்குள் தள்ளியிருந்தாள். வேறொருவர் கையெழுத்தில் இருந்த எண்பத்தேழு பக்கங்களும் அங்கேதான் கிடந்தன. அவை வைத்தியர் எழுதியவை அல்ல, ஆகவே வேண்டாம் என்று முடிவு செய்தவளும் அவள்தான்.

புதன்கிழமை முழுக்கப் படித்தாள். முப்பத்தோராவது கப்பல் வந்த வாரம் வைத்தியரின் மகளுக்குக் கடும் காய்ச்சல். கப்பல் வந்து பதினோராம் நாள் கடிதப் புத்தகத்தில் ஒரு பக்கம். கப்பல் எண் இல்லை. ஆனால் மூன்று பத்தியும் இருந்தன, கோடு போட்டது போன்ற பழைய கையெழுத்தில்.

என்ன தெரியும்: அறுபத்திரண்டு பேர். இரண்டு பேருக்குக் காய்ச்சல். தண்ணீர் மூன்று நாளுக்கு. நான் நிறுத்தினேன். ஐந்து பேர் தாகத்தால் இறந்தார்கள். காய்ச்சலால் யாரும் இறக்கவில்லை.

என்ன தெரியாது: இறக்கியிருந்தால் ஊருக்கு நோய் வந்திருக்குமா என்பது. இனித் தெரியவும் போவதில்லை.

நான் தவறினால் யாருக்கு நோகும்: அன்று இதை நான் கேட்கவில்லை. என் வீட்டுக் கட்டிலை மட்டும் நினைத்தேன்.

கீழே முடிவு: இறக்கியிருக்க வேண்டும். என் வீட்டில் நோய் உள்ள நாட்களில் இனி என் உதவியாளர் முடிவெடுப்பார். நான் கைவைக்க மாட்டேன்.

அவள் சாட்பாட்டின் பழைய பதிலை மறுபடி திறந்து பார்த்தாள்: இறக்கு. சாட்பாட் முதல் நாளே சரியாகச் சொன்னது. அதற்கு வீடு இல்லை, மகள் இல்லை, தூக்கமும் இல்லை. அதற்கு அது எளிது. இந்த மனிதருக்கு எல்லாம் இருந்தது. இருந்தும் பதினோரு நாளில் அங்கே வந்து சேர்ந்துவிட்டார். வந்ததை மறைக்காமல் எழுதியும் வைத்தார்.

வியாழன் மதியம் இதையெல்லாம் தலைவருக்குச் செய்தியாக அனுப்பினாள். அவர் ஆறடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார். படித்துவிட்டு எழுந்து வந்தார்.

"நல்லாத் தேடியிருக்கேம்மா. நான் இல்லேங்கல. ஆனா அந்தம்மாகிட்டப் போயி, உங்க தாத்தாவால அஞ்சு பேர் செத்தாங்கன்னு எப்படிச் சொல்றது? நோட்டைத் தூக்கிட்டுப் போனா எட்டு மாச வேலை காத்துல போயிடும். இன்னிக்கு நாற்பதைக் காட்டுவோம். மத்ததை அப்புறம் மெதுவாப் பாத்துக்கலாம்."

பழக்க தோஷம், அவள் தலையை ஆட்டிவிட்டாள்.

நான்கு மணிக்குப் பல் டாக்டர் வந்தார். குடுக்கை திரையைத் திருப்பிக் காட்டினான். நாற்பதுக்கு நாற்பது.

"அட, முழு மார்க்கா!" அவர் முகம் மலர்ந்துவிட்டது. "எங்க, அந்தப் பேப்பரைக் குடுங்க."

தலைவர் பேனாவின் மூடியைத் திறந்தே கொடுத்தார்.

"அது பிட் அடிச்சு வாங்கின மார்க், மேடம்."

யார் பேசியது என்று குடுக்கை திரும்பிப் பார்த்தான். அவளுக்கே சந்தேகமாக இருந்தது. காது இரண்டும் கொதித்தன. ஆனால் வாய் திறந்துவிட்டது, இனி மூட வழியில்லை.

"நிஜமா முப்பத்தொன்பதுதான். ஒரு கப்பல்ல அவர் சொன்னதும் இது சொன்னதும் ஒத்துப் போகல. அதனால விடையைக் காட்டிக் கொடுத்துட்டோம். இப்ப இது அவரை மாதிரி யோசிக்கல. சும்மா பயப்படுது."

"மியூட்டு..." என்றான் குடுக்கை, பாதிக் குரலில்.

"அந்தக் கப்பல்ல அவர் சொன்னது தப்பு, மேடம். அஞ்சு பேர் இறந்துட்டாங்க."

பல் டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "எங்க வீட்டு மனுஷரைக் கொலைகாரர்னு சொல்றதுக்கா என்னை வரச் சொன்னீங்க?"

"தப்புன்னு நான் சொல்லல. அவரே சொல்றார்." அவள் அச்சிட்டு வைத்திருந்த தாளை நீட்டினாள்.

அவர் படித்தார். மறுபடி படித்தார். மூன்றாம் முறை கடைசி வரியில் விரலை வைத்து நிறுத்தினார்.

"உதவியாளர் முடிவெடுப்பார்னா... அந்த வேற கையெழுத்துப் பக்கமெல்லாம்?"

"எல்லாத் தேதியும் கடிதப் புத்தகத்தோட ஒத்துப் போகுது. அவர் வீட்ல யாருக்காவது முடியாம இருந்த நாள்தான். ஒண்ணுகூட மாறல."

பல் டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். குரலில் இருந்த நிதானம் எங்கோ போய்விட்டது.

"எங்க வீட்ல அந்தப் பக்கங்களைப் பத்தி வேற கதை சொல்லுவாங்க. அந்த நாளெல்லாம் குடிச்சுட்டு விழுந்து கிடந்தாராம், உதவியாள் பாவம் வேலையைப் பாத்தாராம். எங்கப்பா வெளிய யார்கிட்டயும் இதைச் சொல்லாதேன்னு என்கிட்டச் சத்தியமே வாங்கினார். ஒண்ணு கவனிச்சீங்களா? யாரும் ஒரு தடவை ஒக்காந்து தேதியைச் சேத்துப் பாக்கல. நானும்தான்." தாளை மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்தார். "அந்தப் பொண்ணு பிழைச்சுது, தெரியுமா? அவருக்கு ஒரே பொண்ணு. அது பிழைச்சதாலதான் நான் பல்லு பிடுங்கிட்டு இருக்கேன்."

தலைவர் எதையோ சொல்ல வாயெடுத்தார். பல் டாக்டர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஊட்டினதையெல்லாம் வெளிய எடுங்க. அந்த ஒரு கப்பல் ஒத்துப் போகாமலே இருக்கட்டும். பக்கத்துலயே இந்தப் பக்கத்தையும் மாட்டுங்க. அந்த எண்பத்தேழையும் கத்துக் குடுங்க. குடுத்துட்டுக் கூப்பிடுங்க, அப்பப் போடுறேன் கையெழுத்து. நோட்டு இங்கயே இருக்கட்டும்."

வெள்ளிக்கிழமை காலையில் மூன்று பேரும் பக்கங்களைப் பிரித்துக்கொண்டார்கள். குடுக்கை தன் தவறை ஒப்புக்கொண்ட விதம், தனக்கு நாற்பது பக்கம் வேண்டும் என்று கேட்டு வாங்கியது. வாங்கிய ஐந்தாவது நிமிடமே புலம்ப ஆரம்பித்தான்.

"இந்த உதவியாளு எழுத்தைப் பாரு, எறும்பு ஊர்வலம் போற மாதிரி. ஏய் மியூட்டு, இங்க வந்து பாரேன். இந்த ஓரத்துல எழுதியிருக்கறது யாரு? இது எறும்பு இல்லையே."

அவள் எழுந்து போய் அவன் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். பெரிய கப்பல், நூற்றுப்பத்துப் பேர். உதவியாளர் மூன்று பத்தியும் எழுதி, இறக்கலாம் என்று முடித்திருந்தார். ஓரத்தில், பல நாள் கழித்து வேறு மையில், அவளுக்கு நன்றாகத் தெரிந்த கையெழுத்து. அவள் அதைச் சத்தமாகவே படித்தாள்.

"'நானாக இருந்தால் நிறுத்தியிருப்பேன். இவர் இறக்கியதே சரி. ஏன் என்று இவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.'"