எல்லாந்தலையானான்

1909ஆம் வருஷம் தை மாதம். ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே, தளவாய் ஆசாரியின் பட்டறையில் கிறிஸ்தவர்களின் வேதக்கோயிலுக்கு மணி வார்க்க உலை மூட்டியாயிற்று. தன் பங்காக ஒரு வெண்கலப் பானையைச் சுமந்துவந்த பள்ளிக்கூடத்து ஆசிரியை சாலோமி, உலையோரம் சாக்கில் குவிந்து கிடந்த பச்சை பிடித்த காசுகளைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"ஆத்தங்கரையத் தோண்டுனப்ப அம்புட்டுது. நல்ல செம்பு. வெள்ளீயம் சேத்தா மணிக்கு நல்ல நாதம் குடுக்கும்" என்றார் தளவாய்.

அவள் ஒன்றை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்தாள். ஒரு பக்கம் இரண்டு கயல்கள். மறுபக்கம் எழுத்து. பள்ளிக்கூட அலமாரியில் செல்லரித்துக் கிடந்த பழங்காலத் தமிழ் எழுத்துகளின் அட்டவணையை, யாரும் சொல்லித்தராமலே நான்கு வருஷம் படித்தவள் அவள். எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"எல்லாந்தலையானான்."

"யாரு அது?" என்றார் சபை மூப்பர் ஞானசிகாமணி.

"பாண்டிய ராசா. எல்லாருக்கும் நாந்தான் தலைன்னு காசுல போட்டிருக்காரு. இத உருக்காதீங்க அண்ணாச்சி."

"எடை பத்தாதே வாத்தியாரம்மா. அந்த ராசா நம்மளத் தன் தெருவுல நடக்க விட்டிருப்பாரா? அவரு பேரு நமக்கெதுக்கு?"

மூப்பர் சொன்னதில் பொய்யில்லை. எதிரே பெரிய வீட்டு ஆள் வந்தால் சேற்றில் இறங்கி ஒதுங்கி நின்றவள் சாலோமியின் தாய். சாலோமிக்கு முகம் சுட்டது. ஆனாலும் காசைக் கீழே வைக்கவில்லை.

"விட்டிருக்க மாட்டாரு. ஆனா இன்னைக்கு அவரு பேரு வெளிய வரணும்னா நான்தான வாசிக்க வேண்டியிருக்கு."

துருத்தி ஊதுகிறவன் கையை நிறுத்தினான். மூப்பர் காசை வாங்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னொருக்க வாசி தாயி."

வாசித்தாள். அவருடைய காய்த்த விரல் எழுத்தின் மேல் கூடவே நகர்ந்தது. பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சுற்றி நின்ற சபையாரைப் பார்த்தார்.

"என் கஞ்சிக் கும்பா வெண்கலந்தான். போய் எடுத்தாரேன். நீங்களும் போங்கவே, வீட்டுல என்ன கெடக்குன்னு பாருங்க."

உச்சி சாய்வதற்குள் கும்பாவும் உருளியும் பானையுமாகப் பட்டறை வாசலில் குவிந்துவிட்டன. தளவாய் தராசைத் தூக்கிப் பார்த்து உரக்கச் சிரித்தார். "போதும்வே! மிஞ்சுது!"

காசுகளைக் கழுவி ஈரத்துணியில் பரப்பினார்கள். தெருப் பெண்கள் சுற்றி நிற்க, சாலோமி ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தாள். தளவாயின் மனைவி பார்வதியம்மாளுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. அவள் பக்கத்தில் குந்தி, விரலைத் தண்ணீரில் தோய்த்து, கல்தரையில் அந்த முதல் எழுத்தை இழுத்துப் பார்த்தாள். உலைச் சூட்டில் அது காய்ந்துபோயிற்று. அவள் மறுபடியும் விரலை நனைத்தாள்.