எட்டும் மூன்றும்

மருத்துவமனையின் ஆலோசனை அறையில் இருந்தவர்கள்: ஆலோசகர் அம்மாள், ஒற்றைக் கால் பெயின்டர், தூங்கி வழியும் கல்லூரி மாணவி, லிஃப்ட் மெக்கானிக், அவனுடைய அக்கா. ஆலோசகரை விட்டால், அக்காவுக்கு மட்டும் புற்றுநோய் இல்லை. தம்பி நழுவிவிடுவானோ என்று காவலுக்கு வந்திருந்தாள்.

மெக்கானிக்குக்கு இருபத்து மூன்று வயது. மறுநாள் காலை முதல் கீமோ மருந்து ஏற்றுவார்கள். அதன்பின் அவனுக்குக் குழந்தை பிறப்பது சந்தேகம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வேண்டுமென்றால் இன்று நான்கு மணிக்குள் விந்தணுவை உறையவைக்கக் கொடுத்துவிட வேண்டும். படிவம் நான்கு நாளாக அவன் சட்டைப்பையில் மடிந்து கிடந்தது.

அம்மாளின் முறை எளிது. பிரச்சினையை ஒரு வரியில் எழுது. வழிகளை எழுது. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று போடு. கூடுதல் எதுவோ அதைச் செய்.

அவன் எழுதினான்: கொடுப்பது, 8. விட்டுவிடுவது, 3.

"தெளிவாத்தானே இருக்கீங்க. கொடுத்துடுங்க" என்றார் அம்மாள். அக்கா பெருமூச்சு விட்டாள்.

"இல்ல மேடம். எட்டுன்னா ரொம்ப வலிக்குதுன்னு."

வார்டில் சேர்ந்த மூன்று வாரமாகத் தினமும் காலையில் நர்ஸ் கேட்கிறாள்: வலி பத்துக்கு எத்தனை? பூஜ்யம் என்றால் இல்லை, பத்து என்றால் தாங்காது. பத்துக்குள் ஓர் எண் கேட்டால் இப்போது அவன் கை வலியைத்தான் எழுதுகிறது.

பெயின்டர் தன் தாளைப் பார்த்தான். "நானும் அப்படித்தான் போட்டிருக்கேன். மேடம், போன வாரம் வேலைய விடறதுக்கு ஒன்பது போட்டேன்னு விடச் சொன்னீங்க. விட்டுட்டேனே."

"அதைத் தனியாப் பேசுவோம்" என்றார் அம்மாள். மாணவி விழித்துக்கொண்டு தன் தாளில் எதையோ அடித்தாள்.

"அப்போ வேணாங்கிறியாடா?" என்றாள் அக்கா.

"தெரியலக்கா."

நிஜமாகவே தெரியவில்லை. வலிப்பது குழந்தையை நினைத்தா, விந்து சேகரிக்கும் குப்பியோடு ஆய்வக அறைக்குள் போவதை நினைத்தா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. பிறக்காத ஒன்றுக்கு எப்படி எண் போடுவது?

"மேடம், இந்த மூணு மூணாவே இருக்குமா?"

பெயின்டர்தான் சொன்னான். "என் காலை வெட்டி எடுத்த அன்னிக்கு நான் சொன்ன நம்பர் ரெண்டு, தம்பி. மயக்கம் தெளிஞ்சப்புறம்தான் ஒன்பது."

மணி மூன்றரை. மெக்கானிக் எழுந்தான். அக்காவும் எழுந்தாள்.

ஆய்வகத்தில் படிவத்தை நீட்டிக் கையெழுத்துப் போட்டான். அங்கிருந்த பெண் நிமிர்ந்து பார்க்காமல் மூடி போட்ட குப்பியைக் கொடுத்து, எதிர் அறையைக் காட்டினாள்.

"நான் இங்கயே உக்காந்திருக்கேன்" என்றாள் அக்கா.

"கீழ போய் டீ குடி, போ."

"நல்லா யோசிச்சியா?"

"இல்ல."

உள்ளே போய்க் கதவைச் சாத்தினான். தாழ்ப்பாள் சரியாக விழவில்லை; கீல் இறங்கியிருந்தது. லிஃப்ட் கதவுகளைப் பார்த்துப் பழகியவன். கதவை நூலளவு தூக்கிப் பிடித்துத் தாழிட்டான்.