ஐந்தாவது மூலை

கணக்குப் பேராசிரியரின் அறையில் ஐந்தாவது மூலை முளைத்தது ஒரு மத்தியான வேளையில். அறை பழைய சதுரமேதான், மூலை ஒவ்வொன்றும் செங்கோணம்தான்; எண்ணினால் மட்டும் ஐந்து. கொத்தனார் மட்டம் வைத்துப் பார்த்து, "சுவர்ல குத்தமில்லைங்க" என்று கூலி வாங்கிக்கொண்டு போனார். தெருக்காரர்கள் லகர ளகரம் பார்த்துப் பேசுகிறவர்கள் இல்லையாதலால், அது மூலைக் கோளாறா மூளைக் கோளாறா என்பது கடைசிவரை தெளிவாகவில்லை.

அந்த மூலையில் உட்கார்ந்துதான் பேராசிரியர் தன் பெரிய தேற்றங்களை எல்லாம் நிரூபித்தார். வெளியூர்களிலிருந்து அறிஞர்கள் தேடி வந்தார்கள். பிறகு அவர் வெளியே வருவது குறைந்தது. யாரோ சுவருக்குள்ளிருந்து தன் எண்களைத் திருடுவதாகச் சொன்னார். தாயில்லாத வீடு, துணி தைத்துக்கொண்டிருந்த மூத்த மகள்தான் தட்டோடு மூலையின் ஓரத்தில் நிற்பாள். "அப்பா, சாப்பாடு ஆறுதுப்பா." அவர் முறைப்பார். "உன்னை யார் அனுப்பினது?" அவள் கையை நீட்டுவாளே தவிர, பயத்தில் ஒருநாளும் உள்ளே கால் வைத்ததில்லை. கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் அப்பாவை யார் பார்த்துக்கொள்வது என்று தட்டிக் கழித்தாள். அப்படியே வருஷங்கள் ஓடின. அவர் இறந்த அன்று சுவர் தானாகக் கூடிக்கொண்டது.

இளைய மகளும் அப்பா வேலை பார்த்த கல்லூரியிலேயே கணக்கு வாத்தியாரானாள். அப்பாவை விடக் கெட்டிக்காரி என்றார்கள். ஒருநாள் அவள் அறையில் அலமாரிக்குப் பின்னால் பெருக்கப் போன அக்காவின் துடைப்பம் சுவரில் இடிக்காமல் போய்க்கொண்டே இருந்தது.

"ஏன்டி சொல்லலை?"

"சொன்னா நீ மறுபடியும் ஓரத்துல வந்து நிப்பே." இளையவள் நகத்தைக் கடித்தாள். "நானும் அப்பா மாதிரி ஆயிடுவேனாக்கா?"

"தெரியாதுடி. டாக்டர்கிட்ட கேப்போம், வா."

டாக்டர் குடும்ப விவரம் எல்லாம் பொறுமையாகக் கேட்டார். "மூலை போகாதும்மா. அகலமாகாம பாத்துக்கலாம்" என்று மாத்திரை கொடுத்தார். மூலை ஒரு நாற்காலி அளவுக்குச் சுருங்கியது. கூடவே கணக்கும் மங்கியது. ஈரத்துணிக்குள் கைவிட்டுத் தேடுகிற மாதிரி இருக்கிறதென்று இளையவள் அழுதாள். அழுதவள் சொல்லாமல் மாத்திரையைத் துப்ப ஆரம்பித்தாள். மூலை வீட்டையே தாண்டி நீண்டது. அதன் கோடியில் அவள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். மூத்தவள் கூப்பிட்டபோது, அப்பாவின் அதே குரலில் கேட்டாள்: "உன்னை யார் அனுப்பினது?"

மூத்தவள் தைத்துக்கொண்டிருந்த துணியோடு ஓரத்திலேயே நின்றாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நடந்தாள். "யாரும் அனுப்பலைடி. நானாத்தான் வந்தேன்." உள்ளே பயப்பட ஒன்றுமில்லை, கொஞ்சம் புழுக்கம், அவ்வளவுதான். தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்து, கையிலிருந்த துணிக்கு ஓரம் அடித்து முடித்தாள். பிறகு இளையவளே, "பசிக்குதுக்கா" என்றாள்.

அதற்குப்பின் மாத்திரை தவறியதில்லை. சில மாதம் அவளுக்குக் கணக்கு வரும், சில மாதம் வராது. வந்த மாதங்களில் எழுதியதை வெளியூர் அறிஞர்கள் சரிபார்த்து ஒப்புக்கொண்டார்கள். மூத்தவள் தையலை மூலைக்குள்ளேயே வைத்துக்கொண்டாள். அளவு கொடுக்க வருகிறவர்களும் நேரே அங்கேதான் போகிறார்கள். வெளிச்சம் போதவில்லை என்று அவர்கள் குறைபட்டுக்கொண்டதால், போன மாதம் அங்கே ஒரு டியூப்லைட் போட்டார்கள்.