காபி அரைக்கும் எக்காளம்

அரண்மனை எக்காளக்காரன் ஹார்ட்விக்கின் முன்பல் போனதற்கு வேறு யார்மீதும் பழி போட முடியாது. மதுக்கடை மேசைமேல் ஏறி நின்று, ஊர் வாத்தியக்காரன் வெண்டலின் வாசிப்பதை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தான். ஒரு கையில் பீர் கோப்பைதான் எக்காளம். இன்னொரு கை காபி மில்லின் கைப்பிடியைச் சுற்றுவதுபோல் காற்றில் சுற்றியது. எல்லோரும் சிரித்தார்கள். அவனுக்கே சிரிப்பு வந்து கால் வழுக்க, கோப்பையின் ஈய மூடி வாயில் இடித்தது.

விரலால் அமுக்கும் வால்வு வைத்த புது எக்காளத்துக்கு அந்தச் சாக்ஸனிச் சிற்றரசில் 'காபி மில்' என்று பெயர் வைத்ததே அவன்தான். மூன்று வருஷமாக அந்த ஒரே ஜோக்கை வைத்துப் பிழைத்தான். அரண்மனை எக்காளக்காரனான அவனுக்குத் தொப்பியில் இறகு உண்டு, ஏறிப்போகக் குதிரை உண்டு. கல்யாண வீடுகளில் வாசிக்கும் வெண்டலினோடு ஒரே மேசையில் உட்காராத கௌரவமும் உண்டு. இத்தனைக்கும் கையில் இருப்பது வளைத்துவிட்ட பித்தளைக் குழாய். துளை இல்லை, பொத்தான் இல்லை. எத்தனையோ தலைமுறை அரசர்கள் அந்தக் குழாயின் சத்தத்துக்குத்தான் சண்டைக்குப் போனார்கள், சாப்பிடவும் உட்கார்ந்தார்கள். அதில் கீழே ஊதினால் ஸ்வரங்கள் எட்ட எட்ட நிற்கும். பாட்டு வேண்டுமென்றால் உச்சிக்குப் போக வேண்டும். உச்சிக்குப் போக உதடு வேண்டும், உதட்டுக்குப் பின்னால் பல் வேண்டும்.

இளவரசியின் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஊத முடியாதவனை அரண்மனை வைத்துக்கொள்ளாது. வால்வு இருந்தால் கீழேயே எல்லா ஸ்வரமும் கிடைக்கும். ஹார்ட்விக் இறகைக் கழற்றிவிட்டு வெண்டலின் வீட்டுப் பின்கதவைத் தட்டினான்.

"என்னண்ணே, காபி வேணுமா?" என்றான் வெண்டலின்.

"சிரிச்சு முடி. காத்திருக்கேன்."

"அது முடிய நாளாகும். உள்ள வாங்க."

கற்றுக்கொண்டான். ஒரு பழக்கம் மட்டும் ஒழியவில்லை. பழைய குழாயில் 'ம' எப்போதும் கொஞ்சம் தூக்கலாகத்தான் பிறக்கும். உதட்டால் அமுக்கி இறக்க வேண்டும். வால்வு எக்காளத்தில் அது நேராகவே பிறந்தது. ஹார்ட்விக்கின் உதடு அதையும் அமுக்கியது.

"அண்ணே, அது ஒழுங்காத்தான் இருக்கு. ஏன் அதப் போட்டு மிதிக்கிறீங்க?"

"நான் மிதிக்கல. உதடு மிதிக்குது."

கல்யாணத்தன்று கூட வாசிக்க வெண்டலினையும் கூலிக்கு அமர்த்தியிருந்தார்கள்; மாடத்தில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். எக்காளத்திலிருந்து தொங்கும் அரசுக் கொடித்துணியை வால்வுகளின் மேல் வாகாக இழுத்துவிட்டிருந்தான் ஹார்ட்விக். பரம்பரைக் கௌரவம் இப்படியாவது உதவியது. பாட்டில் 'ம' வந்தது. உதடு மிதித்தது. வெண்டலின் கண்ணை மூடிக்கொண்டான்.

வாசிப்பு முடிந்ததும் அந்தச் சிற்றரசை ஆளும் பிரபு இருவரையும் கீழே வரச்சொன்னார்.

"அந்த 'ம' வளைஞ்சதைக் கேட்டீங்களா?" என்றார் விருந்தாளிகளிடம். "இயற்கையா வர்ற ஸ்வரம். மெஷினுக்கு இது வருமா?" பிறகு ஹார்ட்விக்கிடம், "நீ ஒருத்தன் போதும்யா. அந்தக் காபி மில்காரன அனுப்பிடலாம்."

காபி மில் என்ற ஹார்ட்விக்கின் ஜோக் பிரபுவின் வாய்வரை போயிருந்தது. இதைவிடப் பெரிய வெற்றி அவனுக்கு வாய்க்கப் போவதில்லை. வெண்டலின் தரையைப் பார்த்தான்.

ஹார்ட்விக் கொடித்துணியைத் தூக்கினான். பெருந்தன்மை ஒன்றும் இல்லை. வால்வு எக்காளத்தில் அவனுக்குத் தெரிந்தது மூன்றே பாட்டு. நாலாவதை வெண்டலின்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

பிரபு வால்வுகளைப் பார்த்தார். விரலால் ஒன்றை அமுக்கினார். அது எழும்பி வந்தது. மறுபடி அமுக்கினார்.

"அப்ப மூணு வருஷமா ஊரெல்லாம் என்னய்யா பேசிக்கிட்டுத் திரிஞ்ச?"

"அப்ப பல் இருந்துது பிரபு."

பிரபு சிரிக்கவில்லை. விருந்தாளிகள் சிரித்துத் தொலைத்தார்கள்.

"நாளையிலேர்ந்து அவன் வலது பக்கம் நிக்கட்டும்," என்றார் பிரபு. வலது பக்கம் முதல் எக்காளக்காரனின் இடம். "நீ இடது பக்கம் நில்லு."

வேலை பிழைத்தது. மாடப்படி ஏறும்போது ஹார்ட்விக் தொப்பியிலிருந்த இறகைப் பிடுங்கி நீட்டினான். வெண்டலின் அதை வாங்கி, தன் எக்காளத்தின் வால்வுக்குள் விட்டுத் தூசி துடைத்தான்.

"நல்லா இருக்குண்ணே. அந்த 'ம' வர்றப்ப மட்டும் நீங்க வாய வைக்காதீங்க. நான் பாத்துக்கறேன்."