ரப்பர் துவக்கில் ஓர் இலக்கம்

பன்னிரண்டாவது துவக்கை அச்சிலிருந்து உரித்தெடுத்தபோதுதான் சுமித்ரா அந்த இலக்கத்தைப் பார்த்தாள்.

யட்டியாந்தோட்டைக்கு மேலே இருக்கும் அந்த ரப்பர் தோட்டத்தில் நாலு நாளாகப் படப்பிடிப்பு. துவக்கு விற்கும் இளவட்டங்களைப் பற்றிய படமாம். கொழும்பிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்டிக் கைத்துப்பாக்கிகள் கீழே விழுந்ததும் உடைந்தன. கலை இயக்குநர் ஹஸன் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க, அவருக்கு ஆட்டோ ஓட்டிய கிருஷ்ணராஜ் முந்திக்கொண்டான்.

"ரப்பர்ல ஊத்திருவோம் சேர். எங்கக்கா பெக்டரியில ரப்பர் பால் பக்கந்தான் வேலை செய்யுது."

மறுநாளே பிளாஸ்டர் அச்சோடு வந்து நின்றான். எதை வைத்து அச்செடுத்தாய் என்று அக்கா சுமித்ரா கேட்டதற்கு, பஸாரில் வாங்கிய பொம்மை என்றான். அவளும் நம்பினாள். படத்தில் அவனுக்கும் ஒரு சின்ன வேஷம் கிடைத்திருந்ததால் இரண்டு நாளாக வீட்டில் அவன் கால் தரையில் படவில்லை.

இப்போது குழலுக்குப் பக்கத்தில் ஆறு எண்கள். மற்றப் பதினொன்றையும் புரட்டினாள். எல்லாவற்றிலும் அதே எண்கள், அதே இடத்தில். கைப்பிடியில் ஒரு பழைய கீறல்கூட விழுந்திருந்தது. ரப்பர் பால் எதையும் விடாது. அச்சில் கைரேகை பட்டிருந்தால் அதையும் எடுத்துக் காட்டும். பொம்மைக்கு எதற்கு இலக்கம்?

பெட்டியை எடுத்துப்போக வந்த கிருஷ்ணராஜிடம் ஒன்றை நீட்டினாள்.

"என்னடா இது?"

அவன் பார்த்தான். முகத்தில் இரத்தம் வற்றியது. மேசையிலிருந்த கத்தியை எடுத்து, முதல் துவக்கின் எண்களைச் சீவத் தொடங்கினான். அவன் சீவிய அவசரத்தைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"நெசத் துவக்கா?"

"கத்தாதக்கா. நாங்க மூணு பேரு. கைமாத்தி விடுறதுதான் வேலை. யாரையும் ஒன்னும் செய்யல."

"எத்தனை?"

"இதோட நாலு."

தங்கள் வீட்டுச் சட்டியில் சோறு தின்றுவிட்டு, இவன் இதைத்தான் ஆட்டோ சீட்டுக்கு அடியில் ஏற்றிக்கொண்டு போனானா?

"இது இப்ப எங்க?"

"காலையில குடுத்தாச்சு. வெளியாளு இல்லக்கா, நம்ம பிரதாப் அண்ணன். காட்டுப்பன்னி தொல்லையாம்."

"பன்னி சுட யாருடா பிஸ்டல் வாங்குவா?"

அவன் கத்தி நின்றது. சத்தியமாக அவன் அதை யோசித்திருக்கவில்லை.

பிரதாப்பின் மனைவி பிரேமலதா இதே பெக்டரியில் சுமித்ராவோடு வேலை செய்பவள். அடி தாங்காமல் ஆறு மாதத்துக்கு முன் அவனை விட்டு வந்தவள். இன்றைக்குக் கேகாலை கோர்ட்டில் மாதாமாதம் செலவுக்குப் பணம் கேட்ட தாபரிப்பு வழக்கு என்று லீவு போட்டு, ஏழு மணி பஸ்ஸில் போயிருந்தாள்.

சுமித்ரா போனை எடுத்தாள். நாலாவது தடவை மணி அடித்ததும் பிரேமலதா எடுத்தாள்.

"கோர்ட் வாசல்லதான் நிக்கிறேன். ஏன் புள்ள?"

"அக்கா, உள்ள போயிருங்க. பிரதாப் அண்ணன் வந்தா பக்கத்துல போகாதீங்க."

"அவரு வந்தாச்சு. இந்தா, எதுத்தாப்புல நிக்கிறாரு. பிளேன்டீ குடிக்க வாறியான்னு கேக்குறாரு. அதிசயமா இருக்கு."

"போகாதீங்க. பொலிஸ்காரங்க நிக்கிற பக்கமா போங்க. அவருகிட்ட துவக்கு இருக்கு."

போன் துண்டிக்கப்பட்டது.

படப்பிடிப்பு நடந்த பழைய ஸ்டோர்ஸ் முற்றத்தில் பாதுகாப்புக்கு வந்திருந்த பொலிஸ் சார்ஜன் ஒருவர் குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். சுமித்ரா இலக்கம் சீவாத துவக்கு ஒன்றைத் தூக்கினாள். கிருஷ்ணராஜ் வாசலை மறித்தான்.

"அக்கா, என்னை உள்ள போட்டுருவாங்க. அம்மாவ நெனச்சுப் பாரு."

"தள்ளு."

"நான் ஒன் தம்பிக்கா."

"தெரியும். தள்ளுடா."

அவன் விலகவில்லை. அவள் அவனை இடித்துக்கொண்டுதான் போனாள்.

சார்ஜன் முதலில் ரப்பர் துவக்கை வாங்கிச் சிரித்தார். நெளித்துப் பார்த்தார். அவள் சிங்களத்தில் மூச்சிரைக்கச் சொல்லி முடித்தபோது சிரிப்பு போயிருந்தது. எண்களை ஒவ்வொன்றாகத் தன் நிலையத்துக்குப் போனில் வாசித்தார். பிறகு கேகாலைப் பொலிஸுக்குப் பேசினார். ஆளின் பேர், சட்டை நிறம், நிற்கும் இடம் எல்லாம் கேட்டார்கள். சட்டை நிறம் அவளுக்குத் தெரியவில்லை.

பதினேழு நிமிடம். பிரேமலதாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. சுமித்ரா நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

சார்ஜனின் போன் ஒலித்தது. கேட்டுவிட்டு அவளைப் பார்த்துத் தலையாட்டினார். பிரேமலதா கோர்ட் காவலறைக்குள் பத்திரமாக இருந்தாள். பிரதாப்பைத் தேத்தண்ணிக் கடையில் பிடித்திருந்தார்கள். இடுப்பில் துவக்கு; ஆறு தோட்டாவும் அதில்.

"யார் விற்றது?" என்று சார்ஜன் சிங்களத்தில் கேட்டார்.

பின்னாலேயே வந்து நின்ற கிருஷ்ணராஜ் ஓடியிருக்கலாம். ஆட்டோ பக்கத்திலேயே நின்றது. ஆனால் ஆறு தோட்டா என்று சார்ஜன் சொன்னதைக் கேட்டதும் தரையில் குந்திவிட்டான். வேஷத்துக்காகக் கொடுத்த சிவப்புச் சட்டையோடு, இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு.

"பன்னின்னு சொன்னாருக்கா" என்றான் தரையைப் பார்த்து.

சுமித்ரா கையைத் தூக்கித் தம்பியைக் காட்டினாள்.

அவனுக்குக் கைவிலங்கு மாட்டியபோது, ஒத்திகை நடப்பதாக நினைத்து ஹஸனின் ஆட்கள் கெமராவைத் திருப்பினார்கள். ஹஸன்தான் ஓடிவந்து அதன் மேல் துணியைப் போட்டார்.