டாக்டர் சொன்னதில் பாதி

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. ஓர் எண்ணெய் டின்னைப் பார்த்து வந்த கோபம். என் தம்பி டைட்டஸுக்கு நாற்பத்தொரு வயது. கல்லீரலில் கொழுப்பு, ரத்தத்தில் சர்க்கரை. மாரிகுப்பத்தில் விடியற்காலை ரயிலேறி, பெங்களூரில் பகல் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு, இருட்டிய பிறகு வீடு திரும்புகிறான். டாக்டரிடம் போய் வந்த பிறகும் இடுப்பு பெருக்கிறது, சர்க்கரை ஏறுகிறது. இப்படியே போனால் அவன்

(இந்த வாக்கியத்தை முடிக்க மனம் வரவில்லை.)

2

முதல் தொடக்கம்: 'ஜூடித் தன் கணவனுக்கு எண்ணெய் ஊற்றியே கொன்றுகொண்டிருந்தாள்.'

நல்ல வரி. வாசகரைப் பிடித்து உட்கார வைக்கும். ஜூடித் என் தம்பி மனைவி. எங்கள் வீட்டில் ஷிப்டுக்குப் போகிறவனின் குழம்பில் எண்ணெய் மிதக்க வேண்டும். அப்பா தங்கச் சுரங்கத்தின் ஷாப்டுக்குள் இறங்கிய காலத்துச் சட்டம் அது. நெஞ்சில் படிந்த கல்தூசியை எண்ணெய் வழுக்கி இறக்கிவிடும் என்று நம்பினார்கள். சுரங்கத்தை மூடி இருபது வருடத்துக்கு மேலாகிறது. டைட்டஸ் தட்டுவது கம்ப்யூட்டரை. குழம்பு மட்டும் இன்னும் ஆளிறக்கும் கேஜில் ஏறிச் சுரங்கத்துக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது.

என் கதைகளுக்கு முதல் வாசகி ஜூடித்தான். கீரை ஆய்ந்தபடியே படித்தாள்.

"இன்னாக்கா, நான் கொலைகாரியா? டாக்டர் எண்ணெய மாத்தச் சொன்னாருன்னு அவுருதான் வந்து சொன்னாரு. பாமாயில நிறுத்திட்டு, வெல ஜாஸ்தி குடுத்து இத வாங்கிகினு கீறேன். நல்லதுன்னுதான ஒரு கரண்டி சேத்து ஊத்துறேன்? இன்னா போட்டுகீது, நீங்களே பாருங்க!"

சூரியகாந்தி எண்ணெய் டின்னைத் திருப்பினாள். சிவப்பு இதயம். பக்கத்தில், 'கொலஸ்ட்ரால் அறவே இல்லை.'

அந்தத் தொடக்கத்தை அடித்துவிட்டேன்.

3

(இங்கே கதை கட்டுரையாகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆத்திரம்.)

செடியிலிருந்தும் மரத்திலிருந்தும் வரும் எந்த எண்ணெயிலும் சொல்லிக்கொள்ளும்படி கொலஸ்ட்ரால் கிடையாது. அவள் நிறுத்திய பாமாயிலிலும் கிடையாது. தண்ணீரில் முள் இல்லை என்று மார்தட்டி விற்கிறார்கள், இதயம் வேறு வரைந்து! பாமாயிலுக்குப் பதில் சூரியகாந்தி எண்ணெய் இதயத்துக்குக் கொஞ்சம் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் எந்த எண்ணெயும் கொழுப்புதான். நாளெல்லாம் உட்கார்ந்திருப்பவன் உடம்பு மிஞ்சியதை எங்கே வைக்கும்? வயிற்றிலும் கல்லீரலிலும் வைக்கும். இதை டின்னில் பெரிய எழுத்தில் போடுவார்களா, படுபாவிகள்?

4

முடிவு அ: பங்காரப்பேட்டை பிளாட்பாரத்தில் டைட்டஸ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு

சீ. என் தம்பி.

முடிவு ஆ: ஜூடித் ஸ்பூனால் அளந்து ஊற்றுகிறாள், எல்லோரும் நலம். இது கதையில்லை, ஆஸ்பத்திரிச் சுவரொட்டி.

வேறு வழியில்லாமல், ஞாயிறு ஆராதனை முடிந்து வரும்போது டைட்டஸிடமே கேட்டேன். "டாக்டர் அளவு ஒண்ணும் சொல்லலியாடா?"

"சொன்னாருக்கா. எண்ணெய மாத்து, ஒரு நாளைக்கு மூணு ஸ்பூனுக்கு மேல வேணாம்னாரு. நான் மாத்துறத மட்டும் சொன்னேன். மூணு ஸ்பூன்ல இன்னாத்த துன்றது? அவகிட்ட சொல்லிடாதக்கா."

சொல்லிவிட்டுச் சிரித்தான். நடுரோட்டில் ஓங்கி அறையலாம் போலிருந்தது. அவள் மருந்தென்று ஊற்றுகிறாள், இவன் தெரிந்தே சப்புக்கொட்டுகிறான். நாளைக்கு இவனுக்கு ஒன்று ஆனால் ஊர் யாரைச் சொல்லும்? நானே முதல் வரியில் யாரைச் சொன்னேன்?

5

முடிவை வாசகர் கையில் விடுவது என்னைப் போல எழுதுகிறவர்களின் வழக்கம். விடுகிறேன். மறுநாள் அவன் வேலைக்குப் போன பிறகு, நாலாம் பகுதியை ஜூடித்திடம் நீட்டினேன். நின்றபடியே படித்தாள். திரும்ப ஒருமுறை படித்தாள். அடுப்பை அணைத்தாள்.

"அக்கா, முடிவ நீங்க எழுதாதீங்க. ரயிலு வரட்டும். நான் பாத்துக்கிறேன்."

குரல் உயரவேயில்லை. நான் பேனாவை மூடிவிட்டேன்.